மதுரைச் சித்திரைத் திருவிழா: மூன்று முறை போய்க் கற்றுக்கொண்டவை

2023ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு என் தாயாரையும் மனைவியையும் எழுப்பி, மதுரை ரயில் நிலையத்தை ஒட்டிய எங்கள் விடுதியிலிருந்து ஆட்டோ பிடித்து, வைகைக் கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது என் தாயாரின் நாற்பது ஆண்டு ஆசை. ஆற்றில் தண்ணீர் இருந்தது. கரையில் சவுக்குக் கட்டைகளை நட்டுத் தடுப்புக் கட்டிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். அழகரை மட்டும் காணவில்லை. நாங்கள் விழிப்பதைக் கண்டு, கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். “எந்த ஊரு தம்பி? அழகரு இன்னைக்குத்தான மூணுமாவடிக்கே வாராரு. நாளைக்கு விடியக்காலந்தான் ஆத்துல எறங்குவாரு” என்றார். அன்று இரவு ரயிலில் சென்னைக்குத் திரும்ப எங்கள் கையில் பயணச்சீட்டு இருந்தது.

நான் செய்த பிழை எளியது. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலர் அதையே செய்கிறார்கள். முந்தைய ஆண்டின் நாள்களைப் பார்த்து, தேர் ஓடிய மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குவார் என்று மனத்தில் பதித்துக்கொண்டிருந்தேன். 2022இல் அப்படித்தான் நடந்தது: ஏப்ரல் 15 தேர், 16 வைகை. ஆனால் சித்திரைத் திருவிழா என்று நாம் ஒரே பெயரால் சொல்வது உண்மையில் இரண்டு கோயில்களின் இரண்டு விழாக்கள். மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேறிப் பன்னிரண்டு நாள் நடப்பது ஒன்று. மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வந்து, சித்ரா பௌர்ணமியை ஒட்டி வைகையில் இறங்கித் திரும்புவது மற்றொன்று. இரண்டும் தனித்தனி நாள்கணக்கில் நடப்பதால் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2023இல் தேர் மே 3, ஆறு மே 5. 2024இல் ஏப்ரல் 22 தேர், 23 ஆறு. 2025இல் மே 9ஆம் தேதி தேர் ஓடிய பிறகு, 12ஆம் தேதி காலையில்தான் அழகர் ஆற்றில் இறங்கினார். ஆகவே பயணம் திட்டமிடுகிறவர்கள் இரண்டு கோயில்களின் நிகழ்ச்சி நிரலையும் தனித்தனியே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணக்கிடக் கூடாது.

இந்த இரண்டு விழாக்களையும் ஒன்றுக்கொன்று அருகில் கொண்டுவந்து வைத்தவர் திருமலை நாயக்கர் என்று மதுரையில் பரவலாகச் சொல்வார்கள். மீனாட்சியின் தேரோட்டம் முன்பு மாசி மாதத்தில் நடந்ததாகவும், அதனால்தான் சித்திரையில் ஓடும் தேர் இன்றும் மாசி வீதிகளில் ஓடுகிறது என்றும் அதற்குச் சான்று காட்டுவார்கள். தங்கை மீனாட்சியின் திருமணத்துக்கு வந்த அழகர், தாம் வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டதைக் கேட்டுச் சினந்து, ஊருக்குள் நுழையாமலே வண்டியூர் போய்விடுகிறார் என்பது மக்கள் சொல்லும் கதை. கோயில் மரபோ மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வருகிறார் என்று சொல்கிறது. மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பதற்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வந்துவிடுகிறார். ஆட்டோ ஓட்டுநர் முதல் வளையல்காரர் வரை அத்தனை பேரும் இந்த இரண்டு கதைகளையும் அறிந்திருக்கிறார்கள்; எதை நம்புவது என்ற குழப்பம் அவர்களுக்கு இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த முதல் பயணம் முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டேன். மே 2ஆம் தேதி திருக்கல்யாணத்தை ஒருவாறு பார்த்தோம். கோயிலின் வடக்கு, மேற்கு ஆடி வீதிகள் சந்திக்கும் இடத்தில் போடப்படும் மேடையில் அது நடக்கிறது. கட்டணச் சீட்டு இணையவழியில் முன்பதிவாகிறது; சீட்டு இல்லாதவர்கள் தெற்குக் கோபுரம் வழியாக, முதலில் வருகிறவர் முதலில் என்ற முறையில் போகலாம். எங்களிடம் சீட்டு இல்லை. நாங்கள் போனபோது உள்ளே இடமும் இல்லை. சித்திரை வீதியில் வைத்திருந்த பெரிய திரையின் முன் நின்றோம். அதில் எனக்குச் சிறிது ஏமாற்றம் இருந்தது, ஆனால் என் தாயாருக்கு இல்லை. மங்கல நாண் பூட்டும் நேரத்தில் வீதியில் நின்ற பெண்கள் அனைவரும் தங்கள் தாலிக் கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொண்டார்கள்; முன்பின் அறியாத ஒருவர் என் மனைவியின் கையில் மஞ்சள் கயிறும் குங்குமமும் திணித்து, “மாத்திக்க தாயி, நேரம் போகுது” என்றார். திரைக்கு முன்னால் நின்றிருந்ததால்தான் அது எங்களுக்குக் கிடைத்தது. பின்னர் சேதுபதி பள்ளி வளாகத்தில் கல்யாண விருந்து. பாரதியார் 1904இல் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பள்ளி அது. சாப்பிட்டவர்கள் சும்மா போகாமல் கோயிலில் மொய்யும் எழுதுகிறார்கள். நாங்களும் எழுதினோம், பெயரும் ஊரும் கேட்டு, வீட்டுக் கல்யாணத்தில் எழுதுவதைப் போலவே எழுதிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

கோயிலுக்குள் போகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை. வெளியே பாதுகாப்பு அறையில் ஒப்படைக்கலாம். ஆனால் திருவிழா நாளில் அந்த வரிசையே ஒரு மணி நேரம் பிடிக்கும். கைபேசியை விடுதியிலேயே வைத்துவிட்டு, விடுதியின் முகவரியையும் ஒரு தொலைபேசி எண்ணையும் துண்டுத் தாளில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது நல்லது. இதை நான் அடுத்த ஆண்டு பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தங்கும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடையே நடந்தே போகும் தொலைவுதான். டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேல வெளி வீதி ஆகிய இடங்களில் விடுதிகள் நெருக்கமாக இருக்கின்றன. 2024இல் அப்படிப்பட்ட ஒரு விடுதியில் தொலைபேசியில் பேசி அறை சொல்லி வைத்திருந்தேன், முன்பணம் கட்டவில்லை. நேரில் போனபோது, அதைவிட இரண்டு மடங்கு வாடகைக்கு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாக அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்கள். வாய்ப்பேச்சை நம்பியது என் தவறு. முன்பணம் கட்டி, அதற்கு ரசீதும் பெற்ற பிறகுதான் அறை உங்களுடையது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்பே தொடங்குகிறது. சித்திரை முடியும்வரை தென்மாவட்ட ரயில்களில் கோடை விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால், தொடங்கும் நாளிலேயே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது அரிது. 2024இல் ஏப்ரல் 19ஆம் தேதி மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவும் இருந்ததால் ஊருக்குப் போகிற கூட்டமும் சேர்ந்து, நாங்கள் பேருந்தில் பாதி வழி நின்றுகொண்டே வந்தோம்.

அந்த இரண்டாம் பயணத்தில் நாள் தவறவில்லை. நாள் சரியாக இருந்தும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பேராசைதான் எங்களைக் கெடுத்தது. 22ஆம் தேதி காலை கீழமாசி வீதித் தேரடியிலிருந்து தேர் புறப்பட்டதைப் பார்த்தோம்: முன்னால் சுவாமியின் பெரிய தேர், பின்னால் அம்மனின் தேர். தெற்கு, மேற்கு, வடக்கு மாசி வீதிகளைச் சுற்றி நண்பகலை ஒட்டி நிலைக்கு வரும் வரை, ஒரே மூலையில் நிழல் பார்த்து நின்றிருந்தால் இரண்டு தேர்களும் கண்ணெதிரே திரும்புவதை நிதானமாகப் பார்த்திருக்கலாம். நாங்களோ தேருக்கு இணையாகக் குறுக்குச் சந்துகள் வழியே ஓடினோம். ஒவ்வொரு சந்தின் முனையிலும் தடுப்பும் கூட்டமும்; நாங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் தேர் தாண்டியிருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு மூவரும் களைத்துப்போய் விடுதிக்குத் திரும்பினோம். மாலையில் தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை இருப்பது தெரிந்தும் எழுந்து போக உடம்பில் வலு இல்லை.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கே வைகைக்கு நடந்தோம். பாலத்திலும் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். எந்த வண்டியும் கோரிப்பாளையத்தை நெருங்காது. ஆழ்வார்புரம் கரையில் நாங்கள் சேர்ந்தபோதே முன்வரிசைகள் நிறைந்துவிட்டன. அந்த நான்கு மணி நேரக் காத்திருப்பை நான் குறை சொல்ல மாட்டேன். கருப்பசாமி வேடமிட்டுத் தோலில் தைத்த பையில் தண்ணீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சுகிறவர்களும், எரியும் திரியைச் சுமந்து ஆடுகிறவர்களும், தலை மழித்த பிள்ளைகளைத் தோளில் ஏற்றியவர்களும், செம்பு நிறையச் சர்க்கரை வைத்து அதன்மேல் சூடம் ஏற்றிக் காத்திருக்கும் பெண்களுமாகக் கரை முழுவதும் விழித்திருக்கிறது. சுவாமி சிலைக்கும் தங்கக் குதிரைக்கும் சேதம் வரும் என்பதால் அழுத்தம் மிகுந்த பம்புகளால் தண்ணீர் அடிக்கத் தடை விதித்திருக்கிறார்கள். தோல் பைத் துருத்திதான் மரபு. ஆறு மணியை ஒட்டிக் “கோவிந்தா” என்ற ஒலி வடகரையிலிருந்து கிளம்பி எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் பார்த்தது ஒரு குடையின் விளிம்பையும் குதிரையின் காதையும்தான். பச்சைப் பட்டா, வேறு நிறமா என்று அருகிலிருந்தவர்கள் எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை என்றால் அந்த ஆண்டு விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. அதைக்கூட நான் மற்றவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போதும் ஆசை அடங்கவில்லை. அழகர் அடுத்து இராமராயர் மண்டபத்துக்குப் போவார், அங்கே தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், கூட்டம் நகர்ந்த திசையிலேயே நாங்களும் நகர்ந்தோம். கால் மணி நேரத்துக்குள் என் தாயாரின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. கைபேசியில் அழைத்தால் இணைப்பே கிடைக்கவில்லை. அத்தனை லட்சம் பேர் ஒரே இடத்தில் அழைத்துக்கொண்டிருந்தால் எப்படிக் கிடைக்கும்? 2022இல் இதே ஆற்று நிகழ்ச்சியின் நெரிசலில் இருவர் இறந்த செய்தி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, காவல்துறை உதவி மையம் ஒன்றின் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கேட்டேன். அங்கே என் தாயார் ஒரு பெண் காவலரின் நாற்காலியில் அமர்ந்து நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தார். “நீதானேடா தொலஞ்சு போன” என்பது அவர் சொன்ன முதல் வார்த்தை.

வயதானவர்களையும் குழந்தைகளையும் ஆற்றுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்பது அதன் பிறகு என் முடிவு. போயே தீர வேண்டுமென்றால், பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்பதைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் கூட்டத்துக்கு வெளியே, எவரைக் கேட்டாலும் வழி சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நகைகளை ஊரிலேயே விட்டுவிடுங்கள். பணத்தை ஒரே பையில் வைக்காதீர்கள். என் சட்டைப்பையிலிருந்த சிறிய பணப்பை அன்று எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. செருப்பைக் கழற்றி வைக்கும் எண்ணமே வேண்டாம், அது திரும்பிக் கிடைக்காது. கடைசியாக, கூட்டம் தள்ளும் திசைக்கு எதிராக நிற்க முயலாமல், ஓரமாகச் சாய்ந்து விலகி வெளியேறுவதே உயிருக்குப் பாதுகாப்பு.

அந்த உதவி மையத்தில் எங்களோடு பேசிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர், அழகர்கோயில் சாலையில் புதூருக்கு அருகில் தங்கள் குடும்பத்துக்கு ஒரு மண்டகப்படி இருப்பதாகவும், அடுத்த ஆண்டு அங்கே வந்துவிடும்படியும் சொன்னார். மண்டகப்படி என்றால் என்னவென்று அதுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அழகர் மலையிலிருந்து பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் உத்தரவு வாங்கிக் கள்ளர் வேடத்தில் புறப்பட்டது முதல் திரும்பிப் போகும் வரை, வழியில் நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நின்று போகிறார். ஒவ்வொரு நிற்குமிடமும் ஒரு குடும்பத்துக்கோ, சாதியாருக்கோ, வணிகர்களுக்கோ, ஊராருக்கோ உரிமையானது. சில கல்மண்டபங்கள், சில தகரக் கூரை, சில அந்த நாளுக்காக மட்டும் போடும் தென்னங்கீற்றுப் பந்தல். அவர்கள் பந்தலில் கோலமிட்டு, வாழை கட்டி, வருகிறவர்களுக்குச் சோறு போட்டு, தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். சுவாமி சில நிமிடமே நிற்பார். அந்தச் சில நிமிடத்துக்காகத்தான் ஆண்டு முழுவதும் காத்திருப்பு.

2025 மே 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் அந்தப் பந்தலில் காலை எட்டு மணி முதல் உட்கார்ந்திருந்தோம். அன்றுதான் எதிர்சேவை: மூன்றுமாவடியில் தொடங்கிப் புதூர் வழியாகத் தல்லாகுளம் வரை நகரமே எதிரே போய் அழகரை அழைத்து வருகிற நாள். பந்தலின் மூத்தவருக்கு எண்பது வயதிருக்கும். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சாலைக்குப் போய் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, “ஒக்காருங்க தம்பி. நீங்க போயிப் பாத்தா அவரு வேகமா வந்துருவாரா? பாதை இதுதான், வந்துதான ஆகணும்” என்றார். என் தாயார் அதற்குள் அடுப்படிக்குப் போய், புளியோதரைக்கு நிலக்கடலை வறுத்துக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்துவிட்டார். முன்னால் சிலம்பமும் மேளமும் போயின. பிறகு கையில் விசிறியோடு வரிசை வரிசையாக மக்கள். பிறகு கண்டாங்கியும் கொண்டையுமாகக் கள்ளர் திருக்கோலத்தில் அழகர். சீர்பாதம் தாங்கிகள் பல்லக்கைத் திருப்பிப் பந்தலுக்கு நேரே நிறுத்தினார்கள். சூடம் காட்டினார்கள், பெரியவருக்குப் பரிவட்டம் கட்டி மாலை போட்டார்கள், சர்க்கரைச் செம்பு தூக்கிய பெண்கள் குலவையிட்டார்கள். என் தாயாருக்கும் அழகருக்கும் இடையே ஆறடி தூரம்கூட இல்லை. மூன்று ஆண்டுகளில் நாங்கள் தேடித் திரிந்து பார்த்தது எல்லாவற்றையும்விட, உட்கார்ந்த இடத்தில் பார்த்த அந்த மூன்று நிமிடம் அதிகம்.

உரிமைக்காரர்களை முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான மண்டகப்படிகளில், பந்தலில் இடம் இருந்தால், கேட்டு உட்காரலாம். வெறுங்கையோடு போகாமல் பழமோ பூவோ வாங்கிப் போவது மரியாதை. உரிமைக்காரர்கள் முன்னே நிற்கும் அந்தச் சில நிமிடத்தில் மட்டும் நாம் விலகிப் பின்னால் நிற்க வேண்டும். ஆற்றை விட்டுவிட்டு எதிர்சேவையைப் பாருங்கள் என்றுதான் இப்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். மதுரைக்காரர்கள் சிலர் இதற்காக என்மேல் கோபப்படுவார்கள்.

வெயிலைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டிய தேவை இருக்காது. கத்திரி வெயிலை ஒட்டி வருகிற விழா இது. காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை நிழலை விட்டு நகராமல் இருப்பதே உத்தமம். தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பத்தடிக்கொரு பந்தலில் பானகமும் நீர்மோரும் அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள். ஆனால் வயிறு பழகாதவர்கள் சொந்தத் தண்ணீரைக் கொண்டுபோவது நல்லது. என் மனைவி ஒரே நாளில் நான்கு பந்தல்களில் பானகமும், அதன்மேல் ஜிகர்தண்டாவும் குடித்து, மறுநாள் பகல் முழுவதும் படுத்தே இருந்தார்.

இத்தனை நெரிசலும் வேண்டாம் என்பவர்கள் மீனாட்சி விழாவின் ஐந்தாம், ஆறாம் நாள் இரவுகளுக்கு வரலாம். ஐந்தாம் நாள் தங்கக் குதிரை, ஆறாம் நாள் ரிஷப வாகனங்கள். மாசி வீதியில் ஒரு கடைப் படிக்கட்டில் இடம் பிடித்தால், முன்னால் முரசு சுமந்து வரும் டங்கா மாடு, கோலாட்டம் ஆடும் சிறுமிகள், மீனாட்சி வேடமிட்ட குழந்தைகள் என்று எல்லாம் நம்மைக் கடந்து போகும். எட்டாம் நாள் பட்டாபிஷேகம் முதல் கூட்டம் ஏறத் தொடங்கிவிடுகிறது. ஆற்றுக்குப் பிறகு வருகிற நாள்களையும் வெளியூர்க்காரர்கள் தவறவிடுகிறார்கள். தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம், அன்றிரவு இராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், பின்னர் பூப்பல்லக்கு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் உள்ளூர்க் கூட்டம்தான் இருக்கும். வெயிலே ஆகாது என்றால் தை மாதத் தெப்பத் திருவிழா இருக்கிறது. திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் நான்கு கரையில் எங்கே உட்கார்ந்தாலும் தெப்பம் தெரியும்.

அந்தப் புதூர்ப் பந்தலில் அழகர் நகர்ந்து போன பிறகு, அவருக்குப் பின்னால் சக்கரம் வைத்த உண்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்தன. கூட்டம் அதற்குள் சுவாமியோடு போய்விட்டது. பெரியவர் பரிவட்டத்தைக் கழற்றாமலே நாற்காலியில் கண் மூடியிருந்தார். என் தாயார் புடவை முந்தானையில் முடிந்து வைத்திருந்த ரூபாய் நோட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். முதல் உண்டியல் தாண்டிவிட்டது, இரண்டாவதும் தாண்டிவிட்டது. கடைசி உண்டியலைத் தள்ளி வந்த இளைஞன் வண்டியை நிறுத்தி, “மெதுவா வா அப்பத்தா” என்று சொல்லிக் காத்திருந்தான்.